சலுகை நுழையாத வாசல்

மே மாதம் பிறந்துவிட்டால் தாராவியில் மழைக்கு முன்பே விளம்பரத் தட்டிகள் வந்து இறங்கிவிடுகின்றன. தொண்ணூறடிச் சாலையிலும் அறுபதடிச் சாலையிலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகின்றன. "செயற்கை நுண்ணறிவில் பி.டெக். இன்னும் சில இடங்களே உள்ளன!" கீழே ஒரு கைப்பேசி எண். பெயர் கேட்ட பழைய கல்லூரி அல்ல அது; தொழில்நுட்பத்தையே முதன்மையாகச் சொல்லித் தரப் புதிதாக எழுந்த சிறிய தனியார் பல்கலைக்கழகம். அந்த எண்ணைக் கூப்பிட்டால் வந்து நிற்பவர் நம்மவர். அண்ணாச்சி என்றும் அக்கா என்றும் வாய் நிறைய அழைத்துப் பேசுகிறார். நம் முன்னோரை இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேற்றிய கங்காணியும் தமிழில்தான் பேசினான் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

சென்ற ஆண்டு நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு தந்தை வந்தார். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர். மகன் பன்னிரண்டாம் வகுப்பு தேறி, மாநில நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தான். அரசின் மையச் சேர்க்கையில் நவி மும்பையில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. "அது வெறும் காலேஜ் அண்ணாச்சி, இது யுனிவர்சிட்டி" என்றாராம் முகவர். அந்த ஒரு சொல்லில் மயங்கி, மனைவியின் கம்மலையும் சங்கிலியையும் அடகு வைத்து, முதலாண்டுக் கட்டணமாக மூன்றேகால் லட்சத்தைக் கட்டிவிட்டார். கட்டிய பிறகுதான் அரசுச் சலுகை விண்ணப்பத்தை நிரப்பித் தாருங்கள் என்று நம்மிடம் வந்தார்.

நிரப்புவதற்கு ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை.

செய்தி இதுதான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், பொதுப் பிரிவு மாணவனுக்கும் கல்விக் கட்டணத்தில் பாதியை மகாராஷ்டிர அரசு ஏற்கிறது. ராஜர்ஷி சாகு மகாராஜ் பெயரில் நடக்கும் திட்டம் அது. 2024-25 கல்வியாண்டு முதல் பொருளாதாரத்தில் நலிந்தோர், எஸ்.இ.பி.சி., ஓ.பி.சி. பிரிவுகளைச் சேர்ந்த பெண் பிள்ளைகளுக்கு, அதே வருமான வரம்பில், தொழிற்படிப்புக் கட்டணம் முழுவதையும் அரசு ஏற்றுக்கொண்டது. வரவேற்கிறோம். ஆனால் அரசாணைக்குள் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது: தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் சுயநிதிப் பல்கலைக்கழகங்களும் நீங்கலாக. மையச் சேர்க்கை வழியே வந்தவருக்கு மட்டுமே என்ற நிபந்தனையும் உண்டு. ஆக, முகவர் இளக்காரமாகச் சொன்ன அந்த "வெறும் காலேஜி"ல் இட்லிக்காரர் மகனுக்குப் பாதிக் கட்டணம் மிச்சம். "யுனிவர்சிட்டி"யில் ஒரு காசும் இல்லை. ஊரும் ஒன்று, பாடமும் ஒன்று. வாசல் மட்டுமே வேறு.

தனியார் என்பதாலோ சிறியது என்பதாலோ நாம் பழிக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமும் தனியார்தான், சிறியதுதான், இளநிலை மாணவர் ஏறத்தாழ ஆயிரம் பேரே. அங்கே ஏழை மாணவனுக்கு இயலாத தொகையை நிறுவனமே ஈடுகட்டுகிறது. இங்கே முளைப்பவற்றில் பலவற்றுக்குக் கட்டடமும் சம்பளமும் விளம்பரத் தட்டியும் மாணவன் கட்டும் பணத்திலிருந்தே ஆகவேண்டியிருக்கிறது. சின்ன வகுப்பு, புதிய கருவிகள், பெயரைச் சொல்லி அழைக்கும் ஆசிரியர் என்பதெல்லாம் நல்லவையே. அந்த நல்லதன் விலையை அடகுக்கடையில் யார் செலுத்துகிறார்கள் என்றே கேட்கிறோம்.

இது ஒரு நாளில் வந்ததல்ல. 1983இல் வசந்ததாதா பாட்டீல் முதலமைச்சராக இருந்தபோது அரசு உதவி பெறாத தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு இம்மாநிலம் கதவைத் திறந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சி திறந்தது. நன்கொடைக் கொள்ளை பெருகி, 1987இல் இங்கே அதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இப்போது அடுத்த கட்டம்: கல்லூரிகளே பல்கலைக்கழகங்களாகின்றன. 1983இல் வித்யாவிகாரில் தொடங்கிய கே.ஜே. சோமையா பொறியியல் கல்லூரி 2019இல் சோமையா வித்யாவிகார் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. பெயர் பெற்ற கல்லூரிதான். அதன் தரத்தை நாம் குறை சொல்லவில்லை. பழைய பெயரையும் பழைய கட்டடத்தையும் நம்பிப் போகும் பெற்றோர், தாம் நுழைவது கல்லூரியா, அடைப்புக்குறிக்குள் போய்விட்ட பல்கலைக்கழகமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டா?" என்று கேட்டால் மட்டும் போதாது. பல்கலைக்கழகம் தொழில்நுட்பப் பாடம் தொடங்க அதன் முன் அனுமதி தேவையில்லை என்று, நம் திருச்சிப் பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் 2001இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

நம்மவர்க்கு இதில் இரட்டை அடி. பட்டியல் சாதிச் சலுகையை இம்மாநிலத்தில் பெற, 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளிலேயே முன்னோர் இங்கு வாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். பிழைக்க வந்தவனின் சாதிச் சான்று பிறந்த மாநிலத்தில்தான் செல்லும் என்று 1994இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. திருநெல்வேலியில் சேரியில் வைக்கப்பட்டவன் தாராவிக்கு ரயிலேறியதும் பொதுப் பிரிவினன் ஆகிவிடுகிறான்! தீண்டாமை மட்டும் எந்தச் சான்றும் கேட்காமல் கூடவே ரயிலேறி வந்தது. சரி, ஊர்ப்பக்கம் போகலாமென்றால், அங்கே 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டண விலக்கு. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்பில் 7.5 விழுக்காடு இடம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த தாராவிப் பிள்ளைக்கு அந்த 7.5இல் இடமில்லை, அவன் படித்தது தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் அல்லவே! (வீட்டுக்கு வேறு ஒரு தேதி: 2000 ஜனவரி 1. தேதிகளுக்கு நடுவில்தான் நம் வாழ்க்கை.)

சாதிக் கதவு அடைத்துக்கொண்டால் மொழிக் கதவு ஒன்று உண்டு. மொழிச் சிறுபான்மை யார் என்பதை மாநிலத்தை அளவாகக் கொண்டே பார்க்கவேண்டும் என்று 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் தீர்ப்பு வந்தது. மகாராஷ்டிரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். பிரிவினையில் வீடிழந்து செம்பூர் முகாமுக்கு வந்த சிந்தி மக்கள், ஹஷு அத்வானியின் முயற்சியில் 1962இல் விவேகானந்தா கல்விச் சங்கத்தைத் தொடங்கி, 1984இல் அங்கேயே தொழில்நுட்பக் கல்லூரியும் கண்டு, தம் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டார்கள். நம்மவரும் சும்மா இருந்ததில்லை: மாதுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது, 2002இல் நெருளில் தொழில்நுட்பக் கல்லூரி கண்டது. மாதுங்கா கட்டியதில் தாராவிக்கு எத்தனை இருக்கை என்பதை நாம் நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் இது. மாதுங்காவிலேயே, நடந்துபோகும் தொலைவில், 1887இல் பிறந்த வி.ஜே.டி.ஐ.யும் 1933இல் பிறந்த ரசாயனத் தொழில்நுட்பக் கழகமும் அரசு ஆதரவில் நிற்கின்றன. அவற்றுக்கு நம் பிள்ளைகளைத் தயார் செய்ய ஒரு மாலைநேர வகுப்பு நடத்த நம் செல்வந்தர்களுக்கு மனமிருந்தால் போதும்.

அரசுக்கும் சொல்லவேண்டும். அந்த அடைப்புக்குறியை நீக்குங்கள். இல்லையேல், பல்கலைக்கழகம் தன் ஏழை மாணவனின் பாதிக் கட்டணத்தைத் தானே ஏற்கவேண்டும் என்று விதி செய்யுங்கள். தனியார் நிறுவனங்களிலும் இட ஒதுக்கீட்டுக்குச் சட்டம் செய்ய 15(5) ஆம் பிரிவு 2006இலிருந்து அரசமைப்பில் இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அதற்குச் சட்டம் வேண்டுமென்று பரிந்துரைத்தது. இன்னும் என்ன தயக்கம்?

அந்த இட்லிக்காரர் மகன் அதே பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறான். நன்றாகவே படிக்கிறான். விலகினால் எந்தெந்த நாளுக்குள் எவ்வளவு பணம் திரும்பத் தரவேண்டும், அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்றெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருந்தது. அவர் நம்மிடம் வந்தபோது அந்த நாட்களும் கடந்திருந்தன. மையச் சேர்க்கை இடமும் கைவிட்டுப் போயிருந்தது. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு இப்போது அலைந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே ஜூன் முதல் ஞாயிறுதோறும் காலையில் சங்க அலுவலகம் திறந்திருக்கும். வசிப்பிடச் சான்று, தாசில்தார் தந்த வருமானச் சான்று, பள்ளி விடுகைச் சான்று மூன்றையும் எடுத்து வாருங்கள். விடுகைச் சான்றில் தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதியிருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பாருங்கள்; வெற்றிடமாகவோ இந்தி என்றோ இருப்பது நம் தெருக்களில் புதிதல்ல, பள்ளியில் சொல்லித் திருத்த நாள் பிடிக்கும். முகவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு வாருங்கள்.