ஏரிக்கரையில் வளர்ந்த ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

"கூலிக்காரப் பையனுக்குக் கிரிக்கெட் எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் நம் வட்டாரத்தில் இன்றும் உண்டு. ஆனால் கூலிக்காரன் மகன் ஒருவன் இந்திய அணிக்குள் நுழைந்துவிட்டால், இதே கனவான்கள் அவன் படத்தைப் பத்திரிகையில் பார்த்துப் பூரித்துப் போகிறார்கள். "பார்த்தாயா, உழைத்தால் உயரலாம்!" என்று நமக்கே உபதேசமும் செய்கிறார்கள். இந்த இரட்டை நாக்கின் சங்கதியைச் சற்று அலசிப் பார்ப்போம்.

ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்துக் கிராமத்து அணி எதுவானாலும் அதன் சரித்திரம் ஒன்றுதான். அறுவடை முடிந்த கழனியிலோ, தண்ணீர் வற்றிய ஏரிக்குள்ளோ முள்ளை வெட்டி, மண்ணைச் சமன்படுத்தி ஆடுகளம் போடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துப் பந்து வாங்குகிறார்கள். மட்டை ஊருக்குப் பொது. பொங்கலுக்குப் பக்கத்து ஊரோடு பந்தயம். மழை பெய்து ஏரி நிரம்பினால் மைதானம் போயிற்று! அடுத்த கோடையில் மறுபடி முள் வெட்ட வேண்டும். வேலைக்குப் போகிறவன் தன் கூலியிலிருந்து காசு எடுத்து நடத்தும் ஸ்தாபனம் இது. இதற்கு ஜமீன்தாரும் இல்லை, புரவலரும் இல்லை.

வளர்த்தவன் ஒருவன், பறித்தவன் ஒருவன்

இந்த ஆட்டத்தின் பூர்வீகமும் கிராமம்தான். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஹாம்பிள்டன் என்றொரு கிராமம். அங்கே பணம் போட்டவர்கள் பிரபுக்கள். களத்தில் இறங்கி ஆடியவர்களில் ஜான் ஸ்மால் செருப்புத் தைக்கும் தொழிலாளி. ரிச்சர்ட் நைரன் சத்திரம் நடத்தியவர். இந்த அணி 1777-ல் இங்கிலாந்து முழுவதிலுமிருந்து திரட்டிய அணியை ஒரு இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. பிறகு நடந்தது என்ன? 1787-ல் லண்டனில் எம்.சி.சி. கிளப் பிறந்தது. பிரபுக்கள் பணப்பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். ஹாம்பிள்டன் வாடி உதிர்ந்தது. ஆட்டத்துக்குச் சட்டம் எழுதும் உரிமை லண்டன் கனவான்களிடம் போய்ச் சேர்ந்தது!

அவர்கள் ஆட்டக்காரர்களையும் இரண்டாகப் பிளந்தார்கள். சம்பளம் வாங்காதவன் 'ஜென்டில்மேன்', அதாவது அமெச்சூர். கூலிக்கு ஆடுகிறவன் வெறும் 'பிளேயர்'. லார்ட்ஸ் மைதானத்தில் இருவருக்கும் உடை மாற்றத் தனித்தனி அறை, களத்துக்கு வரத் தனித்தனி வாசல்! 1806-ல் தொடங்கிய இந்த இரு தரப்புப் பந்தயம் 1962 வரை நடந்தது. கூலிக்கு ஆடாத உத்தமர் என்று பெயரெடுத்த டபிள்யூ. ஜி. கிரேஸ், கூலி ஆட்டக்காரர்களைவிட அதிகம் சம்பாதித்தார் என்பது ஊரறிந்த கதை. உண்மையான அமெச்சூர் யார், சொல்லுங்கள்! செலவுக் கணக்கில் பணம் பண்ணிய அந்தக் கனவானா, அரை நாள் கூலியைப் பந்துக்குக் கொடுக்கும் நம் ஏரிக்கரை வாலிபனா?

சென்னையில் 1846-ல் வெள்ளையர்கள் ஒரு கிரிக்கெட் கிளப் அமைத்தார்கள். இந்தியன் அதன் உள்ளே உட்கார முடியாது. மரத்தடிதான் அவனுக்கு இடம். அந்த அவமானம் பொறுக்காமல் 1888-ல் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். இதை நாம் மதிக்கிறோம். ஆனால் வெள்ளையனின் வேலியைத் தாண்டியதும் நம்மவர் போட்டுவைத்த வேலி ஒன்று காத்திருந்ததே, அதை மறைக்கலாமா?

தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலூ, புனாவில் வெள்ளையர் கிளப்பில் மைதான வேலை பார்த்தவர். துரைமார்கள் பயிற்சி பெற அவர்களுக்குப் பந்து வீசிக்கொடுத்தே தேர்ந்த பந்துவீச்சாளர் ஆனார். ஹிந்து அணி அவருடைய பந்துவீச்சை ஏற்றுக்கொண்டது. தேநீரை மட்டும் தனிக் குவளையில் கொடுத்தது! 1911-ல் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்த அந்த வீரருக்குக் கடைசிவரை ஹிந்து அணியின் தலைமைப் பதவி தரப்படவில்லை. பெரும் கிளர்ச்சிக்குப் பிறகு 1923-ல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. ஊர் அணி வேறு, சேரி அணி வேறு என்று பிரித்து வைக்க நினைப்பவர்கள் இந்தக் கதையைப் படிக்கட்டும்.

சின்னப்பம்பட்டி சொல்லும் பாடம்

நமக்கு அருகில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்கு வருவோம். தி. நடராஜனின் தந்தை நெசவுக்கூலி. தாய் தெருவோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். இருபது வயது வரை நடராஜன் ஆடியது டென்னிஸ் பந்தில்தான். 2017-ல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. 2020 டிசம்பர், 2021 ஜனவரி ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் பந்தயத்திலும் இந்தியாவுக்காக அவர் முதல் முறையாகக் களமிறங்கினார்.

"தனி மனிதனின் அதிசயம்" என்று எழுதின முதலாளித்துவப் பத்திரிகைகள். அதிசயமா? அதே ஊரில் டென்னிஸ் பந்து ஆடிய ஜெயப்பிரகாஷ் என்ற மூத்தவர் கைபிடித்துச் சென்னைக்கு அழைத்துப் போகாவிட்டால் எந்த அதிசயம் நடந்திருக்கும்? நடராஜனே தன் சட்டையில் அவர் பெயரின் முதல் எழுத்துகளைப் பொறித்து ஆடினார். பிறகு ஊருக்குத் திரும்பித் தன் சம்பாத்தியத்தைப் போட்டு மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. அவருக்கு விளங்கிய உண்மை பத்திரிகைகளுக்கு விளங்கவில்லை. ஊர் அணிதான் வீரனை உண்டாக்குகிறது!

நாம் கேட்கிறோம்: ஒருவன் கோடியில் விலைபோனால்தான் ஊருக்கு மைதானமா? 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அதில் ஏரிக்குள் முள் வெட்டும் அணிக்கு வரும் பங்கு என்ன? தமிழக சர்க்கார் 2024 முதல் 12,000-க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வழங்கியது. நல்லது, வரவேற்கிறோம். மட்டை வந்தது, நின்று ஆட மண் எங்கே?

மண் கிடைத்தாலும் பொழுது வேண்டும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஆலைக்குப் போகும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயமா? பதினொரு பேரும் வெவ்வேறு ஷிப்டில் கிடந்தால் அணி எப்படிச் சேரும்? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. நம் ஓய்வு நேரம் போராடிக் காப்பாற்றிய சொத்து. அந்த நேரத்தில்தான் மட்டையும் பந்தும்!

ஆகவே வாலிபர்களே! கிராமசபை கூடும் நாளில் அணியோடு போங்கள். நீர்நிலை அல்லாத புறம்போக்கில் ஊருக்குப் பொதுவாக ஒரு நிரந்தர மைதானம் ஒதுக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். அதில் ஊர்ப் பையனும் சேரிப் பையனும் ஒரே அணியில், ஒரே குவளையில் தண்ணீர் குடித்து ஆடட்டும். பெண்பிள்ளைகளுக்கும் அங்கே நேரம் ஒதுக்குங்கள். வேலியும் விளம்பரப் பலகையும் முளைக்கும் முன்பே அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள்.

ஹாம்பிள்டன் கிராமத்தார் ஆட்டத்தை வளர்த்து, லண்டனிடம் பறிகொடுத்தார்கள். நாம் வளர்த்ததை நாமே வைத்துக்கொள்வோம்!