இருட்டை இருட்டாக

சென்ற மாதம் என் அண்ணனுடைய பேத்தி, திருச்சியில் கல்லூரியில் படிக்கிறவள், விடுமுறைக்குத் தஞ்சாவூர் வந்திருந்தபோது, காப்பித் தம்ளரைக் கீழே வைத்த கையோடு, "சின்னத் தாத்தா, அந்தக் காலத்துல நீங்க ஒரு டிஜிட்டல் கேமரா வச்சிருந்தீங்களே, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் காலம் என்று அவள் சொன்னது 2007-ஆம் வருஷத்தை. ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்ள, எதிரே மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற பிராயத்தை மறக்காத எனக்கு, நேற்று வாங்கினது போலிருக்கும் ஒரு வஸ்து அதற்குள் புராதனப் பொருளாகிவிட்டதைக் கேட்டுச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

மூன்று கண் வைத்த கைப்பேசி கையிலிருக்க அது எதற்கடி என்றேன். "ஃபோன்ல எடுத்தா எல்லாமே ரொம்ப சுத்தமா இருக்கு தாத்தா. எங்க எடுத்தாலும் ஒரே மாதிரி. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இப்ப டிஜிகேம்தான் தேடுறாங்க" என்றாள்.

பீரோவின் அடித்தட்டில், காலாவதியான ரேஷன் கார்டுகளுக்கும் யாருடையதென்று தெரியாத ஒரு மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே, காமிரா அகப்பட்டது. பாட்டரி மூடியின் கொக்கி எப்போதோ முறிந்துவிட்டபடியால் அதை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன். உள்ளே செல்கள் இல்லாதிருந்தது என் புண்ணியம், இருந்திருந்தால் கசிந்து அரித்திருக்கும். பெட்டிக் கடையில் இரண்டு பென்சில் செல் வாங்கிப் போட்டுப் பொத்தானை அழுத்தினோம். ஆமை ஓட்டிலிருந்து தலை நீட்டுவது போல, கிர்ரென்ற சத்தத்துடன் லென்ஸ் வெளியே வந்தது. வந்தவுடன் தேதியும் நேரமும் கேட்டது. குழந்தை அதை லட்சியம் செய்யாமல் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி அப்பால் போய்விட்டாள். அதன் விளைவைப் பிறகு சொல்லுகிறேன்.

இந்த ஜாதிக் காமிராக்களின் மூதாதையை, அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துக் கோடக் கம்பெனியில், ஸ்டீவன் சாஸன் என்ற இளம் இன்ஜினீயர் 1975-ஆம் வருஷம் செய்து முடித்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் கனத்த அந்த யந்திரம், பத்தாயிரமே புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காஸெட் நாடாவில் பதிந்துகொள்ள இருபத்துமூன்று விநாடிகள் பிடித்ததாம். பிலிம் விற்றே செழித்திருந்த அந்தக் கம்பெனிக்குத் தன் வீட்டில் பிறந்த பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச மனம் வரவில்லை. 2012-இல் கோர்ட்டில் திவால் மனுப் போட்டபோது, அந்தப் பிள்ளையின் வம்சம் உலகமெங்கும் பல்கிப் பெருகியிருந்தது. 2000-இல் ஜப்பானில் ஷார்ப் கம்பெனியார் கைப்பேசிக்குள் வைத்து விற்ற காமிராவுக்கு 1,10,000 புள்ளிகள்தான். என்னுடையதற்கு நாற்பது லட்சம். குழந்தையின் கைப்பேசிக்கு எத்தனையோ கோடி. கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்கு உண்டாகவில்லை.

அன்று மாலை இருவரும் பெரிய கோவிலுக்குப் போனோம். சூரியன் மறைந்து, பிராகாரத்து விளக்குகளை இன்னும் போடாதிருக்கிற அந்தக் கால்மணி நேரத்தில், ராஜராஜனுடைய விமானம் மேனி நிறத்தை மெல்ல மெல்ல இழந்து, கடைசியில் வானத்தின் சாம்பல் நிறத்தில் வெட்டி வைத்த ஒரு பெரிய கறுப்பு நிழலாக மாத்திரம் எஞ்சி நிற்பதை, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் எத்தனையோ நூறு தடவை பார்த்திருக்கிறேன். குழந்தை முதலில் கைப்பேசியால் எடுத்தாள். படத்தில் விமானம் பிற்பகல் மூன்று மணி வெயிலில் நின்றது போலப் பொன்னிறமாக ஜொலித்தது; அடுக்கடுக்காகப் பொம்மைகள் துலங்கின; வானம் நீலமாக இருந்தது. எதிரே நிமிர்ந்து பார்த்தால் பொன்னுமில்லை, நீலமுமில்லை. பிறகு என் காமிராவால் எடுத்தாள். கை ஆடியதனால் விளிம்பு கலங்கி, மணலை வாரித் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக, ஆனாலும் இருட்டை இருட்டாகவே காட்டிய ஒரு படம் வந்தது. "இதுதான் தாத்தா!" என்று குதித்தாள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மிகவும் ஸ்தூலமானது. என் காமிராவுக்குள் ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லு ஒரு துவரம்பருப்பளவுதான். அந்தப் பருப்பின் மேல் நாற்பது லட்சம் புள்ளிகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதால், அந்தியில் ஒவ்வொன்றின் பங்குக்கும் விழுகிற ஒளி சொற்பம். போதாக்குறையைத்தான் அந்த மணல் காட்டுகிறது. கைப்பேசியின் சில்லும் அதைவிடப் பிரமாதமாகப் பெரியதொன்றுமில்லை. ஆனால் அது நாம் ஒரு தரம் விரலை வைக்கும் நேரத்துக்குள் பல படங்களை வரிசையாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி, கையாட்டத்தைச் சரிசெய்து, மணலைச் சலித்து நீக்கி, இன்னது வானம், இன்னது முகம் என்று ஊகித்து நிறமேற்றி, ஒரே படமாக நீட்டுகிறது. சாமர்த்தியந்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், நான் கண்டதை எழுதிக்கொள்ளச் சொன்னால், நான் கண்டிருக்க வேண்டியதை எழுதிக் கொடுக்கிற ஒரு குமாஸ்தாவிடம் என்ன பேசுவது?

இப்படியெல்லாம் கோபித்துக்கொண்டு நான் வீடு திரும்பியிருக்கலாம். திருமாளிகைப் பத்தியில் உட்கார்ந்தபோது என் அத்தையின் நினைவு வந்து கெடுத்தது. அத்தைக்குச் சிறு வயதில் பெரியம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. அவளுடைய கல்யாணப் போட்டோவிலோ கன்னம் வெண்ணெய் போல வழவழவென்றிருக்கும். ஸ்டூடியோவில் 'டச்சிங்' பண்ணுகிறவர் என்று ஒருவர் உண்டு. ஜன்னலோரம் சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் தழும்புகளை ஒவ்வொன்றாக அவர் நிரப்பிவிடுவார். வீட்டார் அனைவரும் மெச்சிய அந்தப் படத்தை அத்தை மட்டும் டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே எடுத்ததில்லை. காரணம் கேட்டதற்கு, "அது யாரோடா, எனக்குத் தெரியாது" என்றாள்.

இதே கோவிலை 1858-இல் படமெடுத்தவர், கும்பினியாரின் சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்த காப்டன் லின்னேயஸ் டிரைப். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களைக் கொண்டு வேலை செய்த அந்த மனிதர், விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுக்களின்மீது மோகம் கொண்டு, காமிராவை நகர்த்தி நகர்த்தி வைத்து எடுத்த 21 படங்களை ஒட்டிச் சேர்த்துப் பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். இன்று குழந்தைகள் கைப்பேசியைப் பக்கவாட்டில் வீசிப் பனோரமா என்று எடுக்கிறார்களே, அதற்கு அவர் பட்ட பிரயாசை அவ்வளவு. அந்நாளைய ரசாயனத்துக்கு நீல ஒளியென்றால் அடங்காத பசி. ஆகையால் ஆகாயம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாய்ப் போகும். டிரைப் என்ன செய்தார்? தம் நெகட்டிவ்கள் பலவற்றில் தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்துவிட்டார். ஆக, வானத்தைச் சோடித்துக் காட்டும் சம்பிரதாயம் கைப்பேசியோடு பிறந்ததன்று. ஒன்று சொல்லலாம்: டிரைப் அந்த வெயிலில் நின்று ஆகாயத்தைப் பார்த்தவர், டச்சிங்காரர் அத்தையின் முகத்தை எதிரே உட்காரவைத்துப் பார்த்தவர். கைப்பேசிக்குள் இருந்துகொண்டு மேகத்தையும் கன்னத்தையும் தீர்மானிக்கிறவர், தஞ்சாவூருக்கே வந்ததில்லை.

மறுநாள் காலையில் குழந்தை ஊருக்குப் புறப்படுமுன், அந்த இருட்டுப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டுமென்று கலர் லேபுக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னிருந்த பையன் கார்டைச் சொருகிப் படத்தைத் திறந்ததும், எங்களைக் கேளாமலே வெளிச்சத்தை ஏற்றினான். விமானம் வெளுத்து, மணலெல்லாம் பச்சையும் சிவப்புமாகக் கிளம்பி, அந்தி போய்ச் சேற்று நிறமாயிற்று. "வேண்டாம் தம்பி, இருந்தபடியே இருக்கட்டும்" என்றேன்.

"கறுப்பாத்தான் சார் வரும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றவன், திரையின் வலது மூலையில் விரலை வைத்தான். அப்போதுதான் நானும் கவனித்தேன். செல் இல்லாமல் கிடந்த வருஷங்களில் நாள் கணக்கையே மறந்துவிட்டிருந்த என் சத்தியசந்தன், சென்ற மாதத்து அந்திக்கு ஆரஞ்சு எழுத்தில் 01.01.2007 என்று முத்திரை குத்தியிருந்தான். "தேதி தப்பா இருக்கே சார், அழிச்சிடவா?"

"அதை மட்டும் அழித்துவிடப்பா" என்றேன்.

குழந்தை என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பையன் பக்கத்திலிருந்த இருட்டில் கொஞ்சம் கிள்ளி எடுத்துத் தேதியின் மேல் அப்பினான்.