பூட்டி வச்சாத்தான் பாரம்பரியமா?

பழைய காரைக் காப்பாத்தணும்னு 2021 ஜூலையில மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்துச்சு. முதல் பதிவு முடிஞ்சு 50 வருஷம் தாண்டின வண்டி 'விண்டேஜ்'. 20,000 ரூபாய் கட்டினா 'வி.ஏ.' எழுத்து போட்ட தனி நம்பர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு நிபந்தனை. சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் எதுவும் செஞ்சிருக்கக் கூடாது. அந்த நம்பர் வாங்கின வண்டியை அன்றாட வேலைக்கு ரோட்டுல எடுக்கவும் கூடாது. கண்காட்சி, பேரணி, எண்ணெய் போட, பழுது பார்க்க, இந்த மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான்.

எங்க வீட்டு அம்பாசடர் 1968 மாடல். வயசு இருக்கு, தகுதி இல்லை. அதோட 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை 80-கள்ல அப்பா இறக்கிட்டு டீசல் எஞ்சின் ஏத்தினார். ஆசைக்காக இல்லை. தண்ணி இறைக்கிற எஞ்சினுக்காக வீட்டுல டீசல் எப்பவும் இருந்துச்சு, பெட்ரோல் கட்டுபடியாகலை. மாற்றத்தை ஆர்.சி. புக்லயும் முறையா ஏத்தினார். அதனாலதான் அந்த வண்டி இன்னிக்கும் வேதாரண்யம் வரைக்கும் போய்ட்டு வருது. அதே காலத்துல 'ஒரிஜினல்' எஞ்சினோட கொட்டகையில நிறுத்தின வண்டிங்க, உப்புக்காத்துல தரைத்தகடு அரிச்சு காயலான் கடைக்குப் போயாச்சு.

ஆக, பூட்டி வச்சவருக்குப் பாரம்பரியப் பட்டம். ஓட்டிக் காப்பாத்தினவர் வச்சிருக்கறது வெறும் பழைய வண்டி. அந்தப் பழைய வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 600 ரூபாயிலேர்ந்து 5,000 ஆக்கினாங்க. இது எந்த ஊர் நியாயம்?

எங்க ஊர் நியாயம் வேற. இதே திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தின நெல் ஜெயராமன், பாரம்பரிய நெல்லை எப்படிக் காப்பாத்தினார்? 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பிக் கொடுங்கன்னார். பாட்டில்ல அடைச்சு அலமாரியில வைக்கச் சொல்லலை. வச்சிருந்தா முளைப்புத்திறன் போயிருக்கும். 'கலப்பு இல்லாமப் பார்த்துக்க வேண்டாமா'ன்னு கேட்பீங்க. வேணும்தான். ஆனா கலப்பைப் பிடுங்கறதும் வயல்ல இறங்கித்தான்.

அதுக்காக எதை வேணா வெட்டலாம், எதை வேணா ஒட்டலாம்னு நான் சொல்லலை. கூரையை அறுத்துத் திறந்த கார் ஆக்கறது, சேசிஸைச் சுருக்கறது எல்லாம் ஆபத்து. ஆனா முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைக்கறது, பெல்ட் மாட்டறது வேற. மழையில நனைஞ்ச பழைய டிரம் பிரேக் பிடிக்கறதுக்குள்ள மாடு குறுக்க வந்துடும். அந்த மாற்றம் உயிர் காக்கும்.

சட்டத்துல கேட்கறது ஒண்ணுதான். கண்காட்சி வண்டிக்கு ஒரு பிரிவு இருக்கட்டும். ஓடுற பழைய வண்டிக்கும் ஒரு பிரிவு வேணும். பிரேக், ஸ்டியரிங், புகை மூணையும் கறாரா சோதிங்க. செஞ்ச மாற்றத்தைப் புத்தகத்துல ஏத்துங்க. பாஸ் ஆனா ஓட விடுங்க.

இங்க வந்து பழைய வண்டி வாங்கிட்டுப் போய் வீட்டுல வச்சுப் புதுப்பிக்கிற நகரத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரிஜினல் ஆக்கறேன்னு அந்த டீசல் எஞ்சினை எடைக்குப் போட்டுடாதீங்க. அதைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கட்டையை அளவெடுத்து அறுத்து வெல்டு வச்சவர், உள்ளூர்ப் பட்டறைக்காரர். உத்தர்பாராவுல அந்தக் காரைச் செய்யறதை 2014-லயே நிறுத்திட்டாங்க. அதுக்கு அப்புறமும் அது ஓடுதுன்னா, இந்தப் பட்டறைக்காரர்களாலதான். பாரம்பரியம்னு பட்டம் கொடுக்கறதா இருந்தா, முதல்ல அவங்க கை வேலைக்குக் கொடுங்க.