பழையதைச் சொல்லக் கூச்சம் எதற்கு?

காலையில் என்ன உண்டீர்கள் என்று மருத்துவர் கேட்டால், கங்கைகொண்டான் வட்டாரத்தார் பலர் இட்லி என்றே விடை கூறுகின்றனர். உண்டது பழைய சோறும் உள்ளியுமாக இருக்கும். பழையது வறுமையின் அடையாளம் என்னும் கூச்சமே காரணம். (இட்லி மாவும் புளித்ததுதானே!) உண்மை உணவை அறியாமல் மருந்தின் அளவைச் சரியாக வகுக்க இயலாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளருக்குப் பழைய சோறு பயன்படுமா என்று ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். கூச்சத்திற்கு இடமில்லை.

அதே வேளையில், பழையதை மருந்தாக்குவதையும் நாங்கள் ஏற்கவில்லை. இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகும் என்றொரு செய்தி கைப்பேசிகளில் உலவுகிறது. நுண்ணுயிர்கள் இரும்பைப் படைப்பதில்லை. அரிசியிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிணைத்து வைக்கிறது. புளிக்கும்போது அப்பிணைப்பு தளர்வதால், உள்ள இரும்பை உடல் சற்று எளிதாக ஏற்கும். அவ்வளவே. இதை நம்பிக் கருவுற்ற பெண்கள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

செய்முறையில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். மதியம் வடித்து, மாலை வரை திறந்து கிடந்த சோற்றில் இரவு நீரூற்றினால் அது பழையது ஆகாது, வெறும் மிச்சம். வேகவைத்தாலும் அழியாத பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் சோற்றில் தங்கியிருக்கும். வெதுவெதுப்பில் கிடக்கக் கிடக்க அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே இரவில் வடித்த சோறு ஆறியவுடனே, கொதிக்கவைத்து ஆற்றிய நீரைச் சோறு மூழ்க ஊற்றி, கழுவிய மண்பானையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மூடி வையுங்கள். லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகி இளம்புளிப்பு ஏற எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் விடிந்ததுமே உண்டுவிடுதல் நலம். சிப்காட் முதல் ஷிப்டுக்குச் செல்வோருக்கு இது வசதியும்கூட. நூல் நூலாக இழுத்தாலோ, மணம் மாறினாலோ, தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

நீரிழிவு உடையோர்க்குப் பழையதும் சோறுதான். அளவு குறையாது தப்ப முடியாது. இரத்தக் கொதிப்பு உடையோர்க்குச் சோற்றைவிட உடன் கடிக்கும் மோர்மிளகாயும் ஊறுகாயுமே கேடு; சின்ன உள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொள்வோரும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும் மருத்துவர் சொல்லாமல் பழையதைத் தொட வேண்டா. அவர்களுக்கு அப்போது வைத்த கஞ்சியே ஏற்றது.