நேர்முகத் தேர்வில் என்ன சொல்வது?

சிங்காநல்லூர்ச் சகோதரி ஒருவரின் கவலை இது: எம்.பி.ஏ. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் தம் மகளிடம் அத்தாவின் தொழிலைக் கேட்டால், சிறிய மளிகைக் கடை என்று எப்படிச் சொல்வாள்?

ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியற் கல்லூரியில் ஒரு காலத்தில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு 50. இரண்டு மூன்று நிமிடங்களில் பெற்றோரையும் இருப்பிடத்தையும் விசாரித்து அனுப்பிவிட்டனர் என்று மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். அதுவே அஜய் ஹாசியா வழக்கு. 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தகைய விசாரிப்பைக் கண்டித்து, நேர்முகத்திற்கு 15 சதவீதத்திற்கு மேல் ஒதுக்குவது நியாயமன்று என்றது. பெற்றோரின் தொழில் பிள்ளையின் தகுதிக்கு அளவுகோலன்று.

ஆகவே சகோதரியே, மகள் கூச்சப்பட வேண்டாம். சான்றிதழ்களை ஆண்டு வரிசையில் அடுக்கிச் செல்லட்டும். முதல் வகுப்பில் தேறியதைச் சொல்வதோடு நில்லாமல், கடினமான ஒரு பாடத்தை எவ்வாறு வென்றாள் என்பதை நான்கு வாக்கியங்களில் சொல்லிப் பழகட்டும். மதிப்பெண் குறைந்திருந்தால் ஒப்புக்கொள்ளட்டும். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

அத்தாவின் கடைக் கணக்கை அவள் எழுதியிருந்தால், கொள்முதலும் கடன் வசூலும் அவள் கற்ற முதல் நிர்வாகப் பாடம். அதைத் தலைநிமிர்ந்து சொல்லட்டும்.