பேய்ப்படம் பார்க்கிற டீச்சர்



"இந்த வயசுல பேய்ப்படமா டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். ஆமாம், அதுவும் பழைய இத்தாலியப் படங்கள். ஆறாம் வகுப்பு அறிவியல் தெரிந்தால் போதும், ரசிக்கலாம். 1957-ல் வந்த 'ஐ வாம்பிரி' படத்தில் ஓர் இளம்பெண் நம் கண்ணெதிரேயே கிழவியாகிறாள். முகத்தில் நிறமையால் சுருக்கங்கள் வரைந்து, விளக்கின் நிறத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை மறையும், பச்சையில் கறுப்பாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த விளக்கு மாற்றம் யாருக்கும் தெரியாது! இதைச் செய்த ஒளிப்பதிவாளர் மாரியோ பாவா, 1960-ல் 'பிளாக் சண்டே'யை இயக்கினார்.

நம்மிடமும் இப்படி ஒருவர் இருந்தார். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், அடுத்த வருஷமே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' எடுத்தார். பஷீர் எழுதிய பேய்க்கதை அது.

படம் பார்த்து ராத்திரி தூக்கம் வராதது நிழலால் மட்டும் இல்லை. 'பிளாக் சண்டே'யில் சூனியக்காரி என்று ஒருத்தியைக் கொல்லச் சொல்வது அவளுடைய சொந்தச் சகோதரன். 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் ஜமீன் வாரிசைக் காதலித்த ஏழைப்பெண்ணை ஜமீன்தார் நம்பியார் விட்டுவைக்கவில்லை. இன்றைக்குப் பேப்பரில் ஆணவக்கொலை என்று போடுகிறார்களே, அதுதான். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டுமா? கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் இசக்கியம்மன் கதையைப் பாடும்போது, கொலையுண்ட பெண்ணுக்காகத்தானே நம் ஆச்சிமார் அழுதார்கள்? இத்தாலிக்காரன் அவளைச் சூனியக்காரி என்றான். நாம் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். உயிரோடு இருக்கும்போது அவள் பக்கம் நிற்க ஆள் இல்லை என்பது மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

'காஞ்சனா'விலும் அநியாயமாகச் செத்தவர்தான் வருகிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்திலும் காமெடியிலும் அவருடைய துக்கம் எனக்குக் கேட்கவே இல்லை. (காது மந்தமாகிவிட்டது என்று என் மகள் சொல்கிறாள்.)

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று கேட்பீர்கள். 'நெஞ்சம் மறப்பதில்லை' தாராளமாகப் பார்க்கலாம். 'பிளாக் சண்டே' வேண்டாம். ஆரம்பத்திலேயே ஆணி பதித்த முகமூடியை அந்தப் பெண்ணின் முகத்தில் வைத்து அடிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு தாண்டட்டும்.