குடிசைக்கு வந்த கடவுளும் கையெழுத்துக்கு வந்த தாளும்

என் தம்பியை அடக்கம் செய்த இரண்டாம் வாரம் வீட்டு ஜெபத்துக்கு வந்த சபை மூப்பர் ஒருவர் என் கையில் ஓர் ஆங்கில நாவலைக் கொடுத்தார். "நீ படிச்ச பையன். இதப் படி தம்பி, மனசு ஆறும்" என்றார். அதே மூப்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளும் கொண்டுவந்தார். முதலில் நாவலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். தாளுக்குப் பிறகு வருகிறேன்.

நாவலின் பெயர் 'தி ஷாக்'. தமிழில் சொன்னால் குடிசை. எழுதியவர் வில்லியம் பால் யங், மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். பதிப்பகங்கள் கைவிரித்த பிறகு 2007இல் நண்பர்களோடு சேர்ந்து தாமே வெளியிட்டார். கோடிக்கும் மேல் விற்றது. 2017இல் சினிமாவாகவும் வந்தது. அமெரிக்கக் கிறிஸ்தவப் புனைகதை என்பது தனிச் சந்தை. இழந்தவன், சிதைக்கப்பட்டவள், சாவு கண்ட வீடு, கடைசியில் குணமாதல் - இதுதான் அங்கே நடப்புச் சரக்கு. பிரான்சின் ரிவர்ஸ் 1991இல் எழுதிய 'ரிடீமிங் லவ்'வில், சிறுவயதிலேயே விபச்சாரத்துக்கு விற்கப்பட்டவளை ஒரு நல்ல விவசாயியின் காதல் குணமாக்குகிறது. விற்றவர்களும் வாங்கியவர்களும் சேர்ந்து நடத்திய அந்த ஊர் குணமானதா என்ற கேள்விக்கு அந்தச் சந்தையில் விலை கிடையாது.

'குடிசை'யின் கதை இது. மேக் என்ற வெள்ளைக்காரர் பிள்ளைகளோடு வல்லோவா ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்குகிறார். படகு கவிழ்ந்து தண்ணீரில் சிக்கிய மகனைக் காப்பாற்ற ஓடிய நேரத்தில், சின்ன மகள் மிஸ்ஸியை ஒருவன் தூக்கிப்போய்விடுகிறான். காட்டுக்குள் ஒரு குடிசையில் ரத்தக்கறை படிந்த அவள் கவுன் மட்டும் கிடைக்கிறது. சில ஆண்டுகள் கழித்து, அதே குடிசைக்கு வா என்று கடவுளிடமிருந்து கடிதம் வருகிறது. போகிறார். அங்கே பிதா ஒரு கறுப்புப் பெண்ணாக அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டிருக்கிறார். இயேசு தச்சு வேலை செய்கிறார். பரிசுத்த ஆவி ஆசிய முகமுள்ள பெண்ணாகத் தோட்டத்தில் வேலை செய்கிறார், பெயர் சரயு. (எந்த ஊர்ப் பெயர் பாருங்கள். தவம் செய்தான் என்பதற்காக ராமன் கையால் சம்பூகன் தலை விழுந்த தேசத்து ஆறு. யங்குக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும்.)

பொய் சொல்லக்கூடாது. நான் அழுதேன். பிதாவோடு போய் மகளின் உடலைக் குகையிலிருந்து மேக் எடுத்து வருகிறார். இயேசு தம் கையால் இழைத்த சவப்பெட்டியில் வைத்து, சரயுவின் தோட்டத்தில் அடக்கம் செய்கிறார்கள். அந்த இடம் என்னை உலுக்கிப்போட்டது. கல்லறைத் தோட்டத்தில்கூட ஓரமாகத் தள்ளப்பட்டவர்கள் நாங்கள். கடவுளே சவப்பெட்டி செய்து தருகிறார் என்று வாசிக்கிறபோது நெஞ்சு அடைக்காமல் எப்படி இருக்கும்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த தலித் கிறிஸ்தவனையும் செத்த சாதிக் கிறிஸ்தவனையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 2010இல் இயக்கத் தோழர்கள்தான் கடப்பாரையோடு போனார்கள், எந்த ஆயரும் போகவில்லை. எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட தகராறு துப்பாக்கிச் சூடு வரைக்கும் போய் இரண்டு உயிர் போனது. அந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் இந்த நாவலைப் படித்தாலும் அந்தப் பக்கத்தில் அழுவார்கள். அதனால்தான் இதைச் சும்மா விட முடியவில்லை. நம்மை அழவைக்கத் தெரியாத எழுத்தால் நமக்கு ஆபத்து ஏதுமில்லை.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தேன். இரண்டாம் வாசிப்பில் வேறு சில சவங்கள் தட்டுப்பட்டன.

முதலாவது, அந்த ஏரி. வல்லோவா என்பது நெஸ் பெர்ஸ் பழங்குடிகளின் பூமி. 1877இல் தலைவர் ஜோசப்பின் மக்களை அமெரிக்க ராணுவம் அங்கிருந்து விரட்டியது, ஆயிரம் மைலுக்கு மேல் துரத்திப் பிடித்தது. அந்த மண்ணில் எத்தனை பிள்ளைகள் தொலைந்தன? நாவலில் ஒன்றே ஒன்று. பழங்குடிகள் கதைக்குள் வராமலும் இல்லை. தன் இனத்தைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்ற மலையுச்சியிலிருந்து குதித்துச் சாகிற ஒரு இளவரசியின் கதையாக வருகிறார்கள், அருவி பார்க்கப் போன குழந்தைக்கு அப்பா சொல்கிற கதையாக. இயேசுவின் பலிக்கு உவமையாக அந்தப் பெண்ணின் சாவு பயன்படுகிறது. பூர்வகுடிப் பெண் செத்தால் உவமை. வெள்ளைக்காரப் பெண் செத்தால் நாவல்.

இரண்டாவது, கறுப்புப் பெண்ணாக வந்த கடவுள். பழமைவாதக் கிறிஸ்தவர்கள் இதற்காகவே நாவலைத் திட்டித் தீர்த்தார்கள், பிதாவைப் பெண்ணாக்கிவிட்டான், அதுவும் கறுப்பியாக்கிவிட்டான் என்று. அந்தக் கூச்சலைப் பார்த்து நம் ஆட்கள் சிலர் இதை முற்போக்கு நாவல் என்று கொண்டாடினார்கள். கொஞ்சம் பொறுங்கள் தோழர்களே. அந்தக் கறுப்புப் பெண் என்ன செய்கிறார்? சமைக்கிறார், பரிமாறுகிறார், வெள்ளைக்காரனைக் கட்டிப்பிடித்து அழவிடுகிறார். அவர் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, சிலுவையின் தழும்பு. அடிமைச் சங்கிலி உரசிய தழும்பு எங்கே? அவருக்குப் பிள்ளைகள் செத்ததில்லையா? நூறாண்டுகளாக வெள்ளை வீடுகளில் அடுத்தவள் பிள்ளையைத் தூக்கிச் சுமந்து, தன் பிள்ளையைக் குடிசையில் போட்டுவிட்டு வந்த ஆயாவின் உருவத்தைக் கடவுளுக்கு மாட்டிவிட்டால், அந்த ஆயாவுக்குச் சேர வேண்டிய கூலி கொடுத்தாகிவிட்டதா? நம் தெருப் பெண்களுக்கு இதைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். "சாமிக்கும் அடுப்பங்கரை வேலதானா?" என்று கேட்பார்கள்.

கறுப்புத் தாய் ஒருத்தி தன் பிள்ளையின் சவப்பெட்டியை என்ன செய்தாள் என்பது உலகத்துக்குத் தெரியும். 1955இல் எம்மெட் டில் என்கிற பதினான்கு வயதுப் பையனை மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்துக் கொன்று ஆற்றில் வீசினார்கள். தாய் மேமி டில் சவப்பெட்டியை மூட விடவில்லை. சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று சிகாகோவில் தேவாலயத்தில் திறந்து வைத்தாள். ஆயிரமாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கொலைகாரர்களை விடுவித்தது. அவர்கள் மறு வருஷமே நாங்கள்தான் கொன்றோம் என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்துக் காசும் வாங்கினார்கள். மேமி டில் கிறிஸ்தவள், ஜெபிக்கத் தெரிந்தவள். அவளுடைய விசுவாசம் பெட்டியைத் திறந்து வைத்தது. யங்கின் இயேசு அழகாக இழைத்து மூடிவைக்கிறார். இரண்டு பெட்டிக்கும் நடுவில்தான் இந்த விவாதமே கிடக்கிறது. சிலுவையையும் கறுப்பர்களைத் தூக்கிலிட்ட மரத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்காத கிறிஸ்தவ இறையியல் எதற்காகும் என்று ஜேம்ஸ் கோன் 2011இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தை எந்த மூப்பரும் எந்த எழவு வீட்டிலும் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

டோனி மாரிசனின் 'பிலவ்ட்' 1987இல் வந்தது. அதிலும் குணமாக்குகிற ஒரு கிழவி இருக்கிறாள், பேபி சக்ஸ். காட்டு வெளியில் அடிமைப்பட்ட ஜனங்களைக் கூட்டி, உங்கள் உடம்பை நீங்களே நேசியுங்கள், அவர்கள் நேசிக்க மாட்டார்கள் என்று பிரசங்கிப்பாள். பிறகு அவள் வீட்டு முற்றத்துக்குள்ளேயே வெள்ளையர்கள் வந்து நிற்கிறபோது, பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுகிறாள். நிறங்களை மட்டும் யோசித்துக்கொண்டு கிடந்து சாகிறாள். முற்றத்துக்குள் வந்தவன் வெளியே போகாதவரை குணமாக முடியாது என்று எழுதுவதற்கு நேர்மை வேண்டும்.

சரி, மன்னிப்பு. நாவலின் உயிர் இதில்தான் இருக்கிறது. மகளைக் கொன்றவனை மன்னி என்கிறார் பிதா. மேக் திணறித் திணறி மன்னிக்கிறார். மன்னிப்பது மறப்பதாகாது, அவனோடு உறவு கொண்டாடுவதும் ஆகாது என்று நாவல் கவனமாகவே சொல்கிறது, அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கதையின் கடைசியைக் கவனியுங்கள். மேக் போலீசைக் கூட்டிக்கொண்டு குகைக்குப் போகிறார். தடயம் எடுக்கிறார்கள், கொலைகாரனைப் பிடிக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. பிள்ளை காணாமல் போன அன்றே எஃப்.பி.ஐ. வந்து இறங்கியிருக்கிறது, ஊரே தேடியிருக்கிறது. மேக்கின் மன்னிப்புக்குப் பின்னால் ஒரு அரசாங்கமே நிற்கிறது. அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுபோகவில்லை.

இனி அந்தத் தாள்.

என் தம்பி 2016இல் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் செப்டிக் டேங்கில் இறங்கிச் செத்தான். அது அவன் தொழில்கூட இல்லை. பெயிண்ட் வேலைக்குப் போனவனை, ஆள் குறையுது இறங்குடா என்று காண்ட்ராக்டர் இறக்கிவிட்டான். கயிறு இல்லை, முகமூடி இல்லை. விஷவாயு. போலீஸ் முதலில் சந்தேக மரணம், 174 என்று எழுதியது. 2013ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் டேங்குக்குள் ஆளை இறக்குவதே குற்றம், 2014இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது என்று வக்கீல் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். (2023இல் அது முப்பது லட்சமாக்கப்பட்டது.) வன்கொடுமைச் சட்டத்தில் போடுங்கள் என்று கேட்டோம். "நீங்க கிறிஸ்டீன்ல? சர்டிபிகேட்ல பி.சி.ன்னுல போட்டிருக்கு" என்றார் ஸ்டேஷனில். 1950ஆம் வருஷ ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தி. சீக்கியருக்கு 1956இல், பௌத்தருக்கு 1990இல் திறந்த கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. டேங்குக்குள் இறக்குகிறபோது ஞானஸ்நானம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வழக்குப் போடுகிறபோது வந்துவிட்டது.

அந்தக் காண்ட்ராக்டரும் எங்கள் சபைதான். முன்வரிசை. மூப்பர் கொண்டுவந்த தாளில், தம்பி தானாகவே இறங்கினான், எங்களுக்கு யார் மீதும் புகார் இல்லை, இரண்டு லட்சம் பெற்றுக்கொண்டோம் என்று டைப் அடித்திருந்தது. கீழே அம்மா பெயரும் என் பெயரும். மேசை மேல் நாவல், அதன் மேல் தாள். மூப்பர் சின்ன ஜெபம் ஒன்று பண்ணிவிட்டு, "மன்னிக்காத வரைக்கும் உனக்கு விடுதலை கிடையாதும்மா" என்றார். அம்மாவுக்கு அந்த நாவல் தெரியாது, மூப்பருக்குத் தெரியும். நாவலின் கடைசி அத்தியாயத்தில் போலீஸ் வருகிறதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முழுசாகப் படித்தாரா என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

யங் இதற்குப் பொறுப்பா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவருக்கு எங்கள் தெரு தெரியாது, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. காயம் தனியாள் மனசுக்குள் மட்டும் இருக்கிறது, மருந்தும் அங்கேயே இருக்கிறது, வெளியே எதையும் அசைக்க வேண்டியதில்லை என்று சொல்லித் தருகிற ஒரு இலக்கிய வகையை, போலீஸ் இல்லாத, நீதிபதி வராத, கல்லறையில் சுவர் வைத்த ஒரு ஊருக்குள் கொண்டுவந்து விட்டால் அது என்ன வேலை செய்யும் என்பதே என் கேள்வி. இங்கே அது சமரசத் தாளுக்கு முன்னுரையாக வேலை செய்தது.

நம்மிடம் குணமாதல் பற்றிய எழுத்தே இல்லையா? 1992இல் மதுரையிலிருந்து 'கருக்கு' வந்தது. அதை எழுதியது தன் காயங்களுக்கு மருந்தானது என்று பாமாவும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மருந்து எப்படி வந்தது? கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து, சபைக்குள் இருக்கிற சாதியைப் பெயர் சொல்லி எழுதி, சொந்த ஊரில் ஏச்சு வாங்கி வந்தது. அவர் முன்னால் எந்தக் கடவுளும் சமைத்த சாப்பாட்டோடு வந்து நிற்கவில்லை. பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும், வைத்திருக்கிறவன் கையையும் அறுக்கும். எங்கள் தெருவில் குடிசை என்றால் முகவரி, அதை மனக்காயத்துக்கு உருவகமாக இரவல் கொடுக்க எங்களிடம் மிச்சம் இல்லை. யங்கின் குடிசை கடவுள் வந்ததும் அழகான மரவீடாக மாறிவிடுகிறது. எங்களுக்குக் காங்கிரீட் வீடு வேண்டுமென்றால் பி.டி.ஓ. ஆபீசுக்குத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. தம்பியின் சட்டை கொடியில் கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "மன்னிக்கிறது எங்கிட்ட இருக்கட்டும் ஐயா, அது எனக்கும் கர்த்தருக்கும். கேசு கோர்ட்டுல இருக்கட்டும்." மூப்பர் நாவலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தாளை மறந்து வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில், தம்பியின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுக்கு அடியில், கையெழுத்து இல்லாமல் கிடக்கிறது.